மிச்சம் கிடந்த காமன் கார்டுகளில் ஐந்து கட்டுகள்: புதியவர்களுக்கு மேஜிக் கற்றுக்கொடுத்த பதிவு

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தை ஆடுகிறவர்களிடம், எளிதில் கிடைக்கும் காமன் கார்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். அரிதான ரேர் கார்டு வருமா என்ற ஆசையில் பாக்கெட்டைப் பிரிப்போம். வந்ததை உறையில் போட்டுவிட்டு மற்றதைப் பெட்டிக்குள் தள்ளிவிடுவோம். ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த இந்த ஆட்டம் 1993-இல் வெளிவந்த நாளிலிருந்து இதே கதைதான். புதிதாக வருகிறவரின் நிலைமை இதற்கு நேர்மாறு. கையில் ஒரு கார்டு இருக்காது, எதை வாங்குவது என்றும் தெரியாது. ஆடுவதற்கென்று ஒருவர் சேர்த்துக்கொள்ளும் கார்டுகள்தான் கட்டு; யாராவது ஒரு போட்டிக் கட்டின் விலையைச் சொல்லிவிட்டால் அத்துடன் ஆர்வம் போய்விடும்.

இப்படிப்பட்டவருக்கு நல்ல கட்டு ஒன்றை மலிவாக அமைத்துக் கொடுத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கட்டு வலியதா எளியதா என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் கட்டைப் பொறுத்த விஷயம். மலிவான கட்டைக் கையில் கொடுத்து, பல வருடங்களாகச் செதுக்கிய என் கட்டை எதிரே வைத்தால் அவர் கற்றுக்கொள்வது தோற்கும் கலையை மட்டும்தான். ஆகவே, தங்களுக்குள் மட்டும் மோதிக்கொள்ளும் ஐந்து கட்டுகளை ஒரே தொகுப்பாகச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வெளியே எந்தக் கட்டு எவ்வளவு வலிமையானது என்பது இந்த வட்டத்துக்குள் யாரையும் பாதிக்காது. பணம் இல்லாத குறையும் அப்படியே மறைந்துவிடும், ஏனென்றால் எல்லோரிடமும் இருப்பது ஒரே பெட்டியிலிருந்து வந்த கார்டுகள்.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூன்று பேர். ஓர் அக்காவும் தம்பியும், என்னுடன் வேலை பார்க்கும் ஒருவரும். தம்பிக்கு எதையும் உடனே அடித்து நொறுக்க வேண்டும். அக்கா எதைச் செய்வதற்கு முன்பும் கார்டை இரண்டு முறை படிப்பார். உடன் வேலை பார்ப்பவர் கணக்கு வழக்கில் புலி. இவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அவசியமில்லை, ஆனால் மூவரின் சுபாவமும் பின்னால் கட்டுகளின் அமைப்பிலேயே தெரியும்.

பெட்டியைக் கொட்டிப் பிரித்தது

முதல் வேலை, நிறவாரியாகப் பிரிப்பது. வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று ஐந்து குவியல். பிறகு ஒவ்வொரு குவியலிலும் கிரியேச்சர் (தாக்கவும் தடுக்கவும் மேஜையில் இறக்கும் உருவம்) தனி, மற்றவை தனி. இதுவரை கை மட்டும் வேலை செய்தால் போதும். அதற்குப் பிறகுதான் கழித்துக்கட்டும் வேலை.

மூன்று வரிக்கு மேல் எழுத்து உள்ள கார்டு எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். இரு பக்கமும் அச்சிட்டவை, கட்டுக்குள் கார்டைத் தேடி எடுத்து, கட்டை மறுபடி கலைக்கச் சொல்பவை, பிளேன்ஸ்வாக்கர் என்ற சிக்கலான வகைக் கார்டுகள் எல்லாம் வெளியே. அடுத்து, அவ்வப்போது வெளியாகும் கார்டுத் தொகுப்புகளில் ஒன்றில் மட்டும் வந்து மறைந்துபோன சிறப்பு விதிகள் கொண்டவை. ஃப்ளையிங், ரீச், ட்ராம்பிள், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக், விஜிலன்ஸ், ஹேஸ்ட், டெத்டச், லைஃப்லிங்க் ஆகிய கிரியேச்சர் திறன்கள் ஏறக்குறைய எல்லாத் தொகுப்புகளிலும் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒரு கட்டில் இரண்டு அல்லது மூன்று திறன்களுக்கு மேல் வராதபடியும் பார்த்துக்கொண்டேன்.

மிகப் பழைய கார்டுகளையும் ஒதுக்கினேன். கண்ணுக்கு அழகானவை, ஆனால் படிக்கிறவரைக் குழப்பிவிடும். 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகள் வந்தபோதுதான் போட்ட கார்டுகள் வரிசையில் காத்திருந்து, கடைசியாக வந்தது முதலில் நடக்கும் ஸ்டாக் என்ற ஏற்பாடு புகுந்தது, இன்டரப்ட் என்ற கார்டு வகை ஒழிந்தது. அதற்கு முந்தைய கார்டில் அச்சிட்டிருப்பது ஒன்று, இன்றைய விதிப்படி அது செய்வது வேறொன்று. அனுபவசாலிக்கு இது ரசனைக்குரிய விஷயம். புதியவருக்கு வீண் தலைவலி. அதே கார்டின் புதிய அச்சு பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும்.

ஏனென்றால் கற்பதற்கு மிகவும் ஏற்ற கார்டுகள் மறுபடி மறுபடி அச்சிடப்பட்டவை. லைட்னிங் போல்ட், ஜயன்ட் குரோத், லானோவார் எல்வ்ஸ், அன்சம்மன், ரெய்ஸ் டெட், ஜயன்ட் ஸ்பைடர், ஹில் ஜயன்ட், கிரிஸ்லி பேர்ஸ் எல்லாமே 1993-இன் முதல் தொகுப்பிலேயே இருந்தவை. 1993-இல் அச்சான பிரதியை யாரும் தேடிப் போக வேண்டாம், பின்னால் வந்த மறு அச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு கார்டின் விலை ஏறுவதற்கு அது எத்தனை முறை அச்சானது, எத்தனை பேர் போட்டிக்குத் தேடுகிறார்கள் என்பவை காரணம். ஆட்டத்தைப் புரியவைக்கும் திறனுக்குச் சந்தையில் விலை கிடையாது. நமக்கு நல்லதாகப் போயிற்று.

நாற்பது கார்டுகள், பதினேழு லேண்டுகள்

வழக்கமான கட்டு 60 கார்டுகள். நான் 40 என்று வைத்துக்கொண்டேன். பாக்கெட்டைப் பிரித்து அங்கேயே கட்டு அமைக்கும் டிராஃப்ட் ஆட்டத்தில் குறைந்தபட்சம் 40 என்பதால் இது அந்நியமான எண்ணும் அல்ல. சின்னக் கட்டில் அதே கார்டு அடிக்கடி கைக்கு வரும். முதல் ஆட்டத்தில் பார்த்த கார்டை இரண்டாவது ஆட்டத்திலும் பார்த்தால்தான் அது மனத்தில் நிற்கும். உறைகளும் குறைவாகச் செலவாகும்.

அந்த 40-இல், மற்ற கார்டுகளை ஆடச் செலவாகும் மானாவைத் தரும் லேண்ட் 17, மற்றவை 23. அந்த 23-ஐயும் மானாச் செலவுப்படி மேஜையில் நெடுவரிசையாக அடுக்கிப் பார்த்தேன்: ஒரு மானாவில் 2, இரண்டில் 6, மூன்றில் 6, நான்கில் 4, ஐந்தில் 3, ஆறில் 2. ஐந்து கட்டுகளுக்கும் ஏறத்தாழ இதே அளவு. இப்படி வைத்ததால், யார் தோற்றாலும் கட்டின் அமைப்பைக் குறை சொல்ல வழியில்லாமல் போனது.

லேண்ட் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொடுக்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தில் ஒரு விவாதத்தைச் சந்திப்பார்கள். தம்பி இரண்டாவது ஆட்டம் முடிந்ததுமே, "அண்ணா, இந்த லேண்டில் மூன்றை எடுத்துவிட்டு மூன்று கிரியேச்சர் போடலாமா? லேண்ட் சும்மாதானே கிடக்கிறது?" என்று கேட்டான். எல்லோரும் கேட்பதுதான். "போட்டுப் பார்" என்று சொல்லிவிட்டேன்.

ஆடிக் காட்டுவதற்கு முன்பே கணக்காளர் நண்பர் தாளை எடுத்துவிட்டார். 40 கார்டில் 17 லேண்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழில் ஒரு லேண்டும் இல்லாமலோ ஒன்றே ஒன்றுடனோ கை அமைவதற்கான வாய்ப்பு சுமார் 10.5 சதவீதம். 14 ஆகக் குறைத்தால் அது 20.8 சதவீதம். மூன்று லேண்டுகளை எடுத்ததற்கு, ஆட முடியாத கைகள் இரண்டு மடங்கு ஆகின்றன. பத்தில் ஒன்றாக இருந்தது ஐந்தில் ஒன்று. 17 லேண்ட் இருக்கும்போது இரண்டு முதல் நான்கு லேண்ட் வரை அமையும் வசதியான கை ஐந்தில் நான்கு முறை வருகிறது. "அப்படியானால் சும்மா கிடக்கவில்லை" என்று தம்பி ஒப்புக்கொண்டான். கணக்கை நம்பினானா, அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் ஒற்றை லேண்டுடன் தவித்ததை நம்பினானா என்பது வேறு விஷயம்.

ஒரே நிறம், மலிவான மானாச் செலவு என்பதால் 16 லேண்டுடனும் இந்தக் கட்டுகள் ஓடும். ஆனாலும் 17-லேயே நின்றேன். லேண்ட் அதிகமாக வந்தவர் சலித்துக்கொள்வார். லேண்டே வராதவர் ஆடவே இல்லை. புதியவருக்கு இரண்டாவதுதான் ஆபத்தானது.

இன்னொரு சிறிய விஷயம். ஒரே கட்டில் உள்ள காடுகள் (பச்சை மானா தரும் லேண்ட்) எல்லாம் ஒரே படம் கொண்டவையாக இருக்கட்டும். பெட்டியில் பல வருட மிச்சம் கிடப்பதால் ஒவ்வொரு லேண்டும் ஒவ்வொரு ஓவியத்துடன் இருக்கும். நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புதியவரோ ஒவ்வொன்றையும் புதுக் கார்டு என்று நினைத்து எடுத்துப் படிக்கப் பார்ப்பார்.

உறை, டப்பா, தாள்

கார்டின் அளவு 63-க்கு 88 மில்லிமீட்டர். இதற்கான சாதாரண உறை 66-க்கு 91. பின்பக்கம் ஒளி ஊடுருவாத உறை அவசியம். பழைய கார்டுகளில் மூலை மடிந்தவை, தேய்ந்தவை கலந்திருக்கும். ஊடுருவும் உறையில் போட்டால் அடுத்து வரப்போகும் கார்டு எது என்று பின்பக்கத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். பளபளக்கும் உறையைவிட மங்கிய பரப்பு உள்ளது கலைப்பதற்கு எளிது. பணம் செலவழித்தே ஆக வேண்டிய ஒரே இடம் இந்த உறைகள்தான். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து கட்டுக்கும் ஐந்து நிறத்தில் வாங்கினால், கலந்துபோன கார்டைப் பிரிக்க நேரம் வீணாகாது.

மினுமினுக்கும் ஃபாயில் கார்டுகள் எதையும் சேர்க்கவில்லை. ஈரப்பதம் மாறும்போது அவை வளைந்துகொள்ளும். கட்டில் வளைந்த கார்டு ஒன்று இருந்தால் எந்த இடத்தில் கட்டைப் பிரித்தாலும் கை அங்கேயே போய் நிற்கும்.

உயிர்ப் புள்ளிகளைக் கணக்கிட இருபது பக்கப் பகடை வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். தாளும் பேனாவும் போதும், உண்மையில் அவைதான் மேல். பகடையில் இப்போதைய எண் மட்டும்தான் தெரியும். தாளில் 20, 18, 15, 15, 9 என்று இறங்கிய தடம் முழுவதும் கிடைக்கும். ஆட்டம் முடிந்தபின், "இந்த 15-இலிருந்து 9-க்கு விழுந்தது எந்தத் தாக்குதலில்?" என்று கேட்டுப் பேசலாம். தோல்வி பெரும்பாலும் கடைசித் தாக்குதலில் நடப்பதில்லை. இரண்டு மூன்று சுற்றுகளுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஐந்தையும் சமன்செய்தது

மொத்த வேலையில் அதிக நேரம் பிடித்ததும் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஐந்து கட்டுகள் என்றால் பத்து ஜோடிகள். இரண்டு பக்கமும் நானே உட்கார்ந்து, ஜோடி ஜோடியாக ஆடி, யார் வென்றது என்று கட்டம் போட்டுக் குறித்தேன்.

சிவப்பு முதலில் எல்லோரையும் விழுங்கியது. நான்கு லைட்னிங் போல்ட் வைத்திருந்ததுதான் காரணம். ஒரு மானாவில் மூன்று புள்ளிச் சேதம் என்பது காமன் கார்டுகளுக்கிடையே மிகக் கூர்மையான ஆயுதம். இரண்டைக் கழற்றிவிட்டு, இரண்டு புள்ளி மட்டும் தரும் ஷாக் இரண்டைப் போட்டதும் அடங்கியது. பச்சைக்கு வானம் தீராத பிரச்சினை. வெள்ளையும் நீலமும் ஃப்ளையிங் கிரியேச்சர்களை அனுப்பும்போது தரையில் நிற்கும் பெரிய உருவங்களால் தடுக்க முடியாது. பறப்பவற்றைத் தடுக்கும் ரீச் திறன் உள்ள ஜயன்ட் ஸ்பைடர் இரண்டைச் சேர்த்தேன். 2/4 (தாக்கும் பலம் இரண்டு, தாங்கும் பலம் நான்கு) என்ற அளவு அருமையானது, 2/2 விண்ட் டிரேக் அதைத் தாண்டிப் பறக்கத் தயங்கும், ஆனால் அது தனியாக ஆட்டத்தை வெல்லவும் செய்யாது.

கறுப்பில் எதிரியின் கிரியேச்சரை அழிக்கும் கார்டுகளை நான்குடன் நிறுத்திக்கொண்டேன். புதியவர் ஆசையாக இறக்கிய ஒவ்வொன்றும் உடனே செத்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஆட்டமே கண்ணில் படாது. இதே காரணத்தால் நீலத்தில், எதிரி போடும் கார்டை ரத்துசெய்யும் கவுன்டர்ஸ்பெல் ஒன்றே ஒன்றுதான். அதையும் எடுத்துவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் எதிரி இரண்டு நீல லேண்டைத் தொடாமல் வைத்துக்கொண்டு புன்னகைக்கும்போது அதற்கு என்ன அர்த்தம் என்பதை ஒருமுறையாவது அனுபவிக்க வேண்டும். ஒன்று போதும், அந்தப் பயம் நாற்பது கார்டுகளுக்கும் பரவிவிடும்.

வெள்ளையில் சின்னச் சின்ன வீரர்களும் பேசிஃபிசம் இரண்டும். கிரியேச்சரை அழிக்காமல் தாக்கவும் தடுக்கவும் விடாமல் கட்டிப்போடும் கார்டு அது. மேஜையிலேயே இருக்கிறது, ஆனால் உதவாது. அக்காவுக்கு இந்தக் கார்டு ஏனோ மிகவும் பிடித்துப்போனது. சேமித்து வைத்திருந்து, எதிரியின் மிகப் பெரிய உருவம் வரும்வரை காத்திருப்பார்.

மேஜையில் என்ன நடந்தது

முதல் ஆட்டத்தில் எல்லோரும் கையைத் திறந்து வைத்தே ஆடினோம். பேச்சு முழுக்க முறைவரிசையைப் பற்றியது: பயன்படுத்தியதால் பக்கவாட்டில் திருப்பிய கார்டுகளை நேராக்கு, ஒரு சீட்டு எடு, லேண்ட் ஒன்று போடு, தாக்கு, மானா மீதமிருந்தால் கார்டு போடு. கிரியேச்சரை எப்போதும் தாக்குதலுக்குப் பின் போடு என்ற வழக்கத்தையும் அப்போதே பழக்கினேன். முன்கூட்டியே எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டுத் தாக்கப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு உதிர்ப்பது கடினம்.

முதல் கை சரியில்லாதபோது மாற்றிக்கொள்ளும் முலிகனில் சலுகை காட்டினேன். இன்றைய விதி 2019-இல் வந்தது: மறுபடியும் ஏழு எடுக்கலாம், ஆனால் எத்தனை முறை மாற்றினோமோ அத்தனை கார்டுகளைக் கட்டின் அடியில் வைத்துவிட வேண்டும். எங்கள் மேஜையில் முதல் மாற்றம் இலவசம். செய்துவிட்ட நகர்வைத் திரும்பப் பெறவும் அனுமதி உண்டு, யாராவது அடுத்த சீட்டை எடுக்கும்வரை. அதன்பின் கிடையாது. புதிய தகவல் மேஜைக்கு வந்துவிட்டால் பழையதை அழிக்க முடியாது என்பது சொல்லாமலே புரிந்துவிட்டது.

நேரம் குறித்த பாடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டு அக்காவிடம், சிவப்பு தம்பியிடம். அக்காவின் 2/2 கரடி (கிரிஸ்லி பேர்ஸ்) மேஜையில், தம்பியின் 3/3 ஹில் ஜயன்ட் எதிரே. அக்கா தன் கையிலிருந்த ஜயன்ட் குரோத்தை முதலில் கரடி மேல் போட்டு 5/5 ஆக்கிவிட்டுத் தாக்கினார். தம்பி தடுக்கவில்லை. ஐந்து சேதத்தை வாங்கிக்கொண்டான், ஜயன்டுக்குக் கீறலும் இல்லை. அடுத்து அதே சூழல் அமைந்தபோது அக்காவிடம், "முதலில் தாக்கு, அவன் தடுத்தபிறகு யோசி" என்றேன். கரடி வெறும் 2/2 ஆகப் போனது. தம்பிக்கு வாய் நிறையச் சிரிப்பு, ஜயன்டை நகர்த்தித் தடுத்தான். அதன்பின் ஜயன்ட் குரோத் வந்தது. கரடி 5/5, ஜயன்ட் செத்தது, கரடி தப்பியது. தம்பி ஒரு நிமிடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் முறை தம்பியிடம் லைட்னிங் போல்ட் இருந்தது. அக்கா ஜயன்ட் குரோத்தைப் போட்டதும் அவன் அவசரப்படாமல் அது நடந்து முடியும்வரை விட்டான். பிறகு 5/5 கரடி மேல் மூன்று, ஜயன்டின் மூன்று, ஆக ஆறு. கரடி செத்தது. ஆனால் கரடியின் ஐந்தும் அதே நேரத்தில் இறங்கியதால் ஜயன்டும் போனது. "இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் ஆனது. ஜயன்ட் குரோத் ஸ்டாக்கில் காத்திருக்கும்போதே போல்ட்டைப் போட்டிருந்தால், கடைசியாக வந்தது முதலில் நடக்கும், கரடி 2/2 ஆக இருக்கும்போதே செத்திருக்கும், ஜயன்ட் குரோத்துக்கு இலக்கே இல்லாமல் போயிருக்கும், ஜயன்டும் பிழைத்திருக்கும். அவனே கண்டுபிடித்தான். ஸ்டாக் பற்றி விதிநூலில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை ஒரு கரடியும் இரண்டு காமன் கார்டுகளும் சொல்லிக்கொடுத்துவிட்டன. எந்த ரேர் கார்டும் இதைவிட நன்றாகக் கற்றுத்தந்து நான் பார்த்ததில்லை.

கற்றுக்கொடுக்கிறவர் அடக்கிக்கொள்ள வேண்டியது விரலை. புதியவரின் கையிலிருக்கும் கார்டைத் தொட்டுக்காட்டி "இதைப் போடு" என்று சொல்ல ஆரம்பித்தால் அப்புறம் ஆடுவது நாம்தான். "அவரிடம் எத்தனை லேண்ட் திருப்பாமல் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியை மட்டும் அனுமதித்துக்கொண்டேன். அதற்கு விடை தேடும்போது மற்றதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

விட்டுக்கொடுத்து ஆடுவது எனக்குப் பிடிக்காது. புதியவர்கள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள், கண்டுகொண்டால் அவர்களுடைய வெற்றிக்கும் மதிப்பில்லாமல் போய்விடும். ஆட்டத்தை விடாமல் கட்டைக் குறைப்பதுதான் சரி. நான் ஆடும்போது என் கட்டிலிருந்து மிகச் சிறந்த இரண்டு கார்டுகளை எல்லோர் முன்பும் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை முழு மூச்சுடன் ஆடினேன்.

இன்னும் பலன் தந்தது, தோற்றவுடன் கட்டை மாற்றிக்கொள்ளும் வழக்கம். தம்பி சிவப்பில் தோற்றதும், "கட்டு சரியில்லை" என்றான். சரி, மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். அதே சிவப்பை வைத்து அக்கா வென்றார். அதற்குமேல் என்ன சொல்ல இருக்கிறது! கட்டுகள் சமமாக இருக்கும்போதுதான் இந்த வைத்தியம் வேலை செய்யும். ஒன்று வாங்கிய கட்டு, ஒன்று மிச்சத்தில் செய்தது என்று இருந்தால், கட்டு சரியில்லை என்ற புகார் உண்மையாகவே இருந்துவிடும்.

கைபேசியில் ஆடும் மேஜிக் அரீனாவையும் மூவரும் இறக்கிக்கொண்டார்கள். இலவசமாகத் தொடங்கலாம், தொடக்கத்திலேயே சில கட்டுகள் கிடைக்கும், விதி தெரியாவிட்டாலும் தப்பாக ஆட விடாது. கடைசியாகச் சொன்னது நன்மையா தீமையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எல்லாவற்றையும் இயந்திரம் செய்துவிடுவதால், மேஜையில் உட்கார்ந்ததும் கார்டுகளை நேராக்க மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து உள்ளே, ஐந்து வெளியே

கட்டுகள் பழகியதும் ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு படி வைத்தேன்: பிடித்த கட்டிலிருந்து ஐந்து கார்டை எடுத்துவிட்டு, காமன் பெட்டியிலிருந்து ஐந்தைப் போடலாம். ஏன் எடுத்தோம், ஏன் போட்டோம் என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்.

தம்பி எதிர்பார்த்தபடியே ஏழு மானா ராட்சதர்கள் ஐந்தைத் தூக்கி வந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜையில் மறுபடி மானாச் செலவுப்படி அடுக்கச் சொன்னேன். வலது கோடியில் ஒரு கோபுரம் எழுந்துவிட்டது, இடது பக்கம் காலி. மூன்று ஆட்டம் ராட்சதர்களைக் கையில் பிடித்தபடியே செத்தான், பிறகு தானே இரண்டாகக் குறைத்தான். கணக்காளர் ஐந்தையும் சீட்டு எடுக்க வைக்கும் கார்டுகளாகப் போட்டார். கை நிறைய கார்டு, மேஜையில் ஒருவரும் இல்லை. அக்கா பேசிஃபிசத்தை நான்காக்கினார். அந்த ஒரு மாற்றத்தால் வெள்ளை சட்டென்று மேலே போய்விட, மற்றவர்கள் தங்கள் ஐந்தை அதற்கு எதிராக மாற்ற ஆரம்பித்தார்கள். ஒரு காசு செலவில்லாமல் கட்டமைப்பின் போட்டி தொடங்கிவிட்டது.

வாங்குவது என்று வந்தபிறகு

பாக்கெட் பிரிப்பதில் சுகம் உண்டு, மறுக்க மாட்டேன். கட்டு அமைக்க அது வழியல்ல. ஒரு தொகுப்பில் 80 காமன் கார்டுகள் இருக்கின்றன, ஒரு பாக்கெட்டில் 7 காமன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஒரு காமன் கார்டில் நான்கு பிரதிகள் சேர, சராசரியாக 46 பாக்கெட் பிரிக்க வேண்டும். அதே நான்கையும் தனிக் கார்டாக வாங்கினால் பெரும்பாலும் ஒரு பாக்கெட் விலைகூட ஆகாது. கணக்காளர் இதைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். தம்பிக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. பாக்கெட் வேண்டுமென்றால் வாங்கு, அதைப் பொழுதுபோக்குச் செலவில் எழுதிக்கொள், கட்டுச் செலவில் எழுதாதே என்று சொன்னேன்.

அடுத்த படியாக நான் காட்டியது பாப்பர் முறை. கட்டில் குறைந்தது 60 கார்டுகள், ஆட்டங்களுக்கு இடையில் மாற்றிக்கொள்ளும் சைட்போர்டில் அதிகபட்சம் 15, எப்போதாவது காமன் என்ற தகுதியில் வெளிவந்த கார்டு மட்டும் செல்லும், தடைப் பட்டியலில் இருப்பவை தவிர. மேஜிக் ஆன்லைனில் முன்பே ஆடப்பட்டு வந்தது. 2019-இல் மேஜை ஆட்டத்துக்கும் இணைய ஆட்டத்துக்கும் பொதுவான ஒரே பட்டியல் வந்தது. நம் காமன் பெட்டி அப்படியே இதற்கு மூலதனம். லைட்னிங் போல்ட், கவுன்டர்ஸ்பெல் இரண்டுமே இங்கே செல்லும். ஒரு எச்சரிக்கை: காமன் என்றாலே மலிவு என்று எண்ணிவிட வேண்டாம். எப்போதோ ஒருமுறை மட்டும் அச்சான சில காமன் கார்டுகள், எல்லோரும் தேடுவதால், விலையில் ரேர் கார்டைத் தாண்டி நிற்கும்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்க, துண்டுத் தாளில் கார்டின் பெயரும் செலவும் எழுதி, ஒரு லேண்டின் முன்னால் உறைக்குள் செருகிக்கொள்ளலாம். சொந்தப் பயிற்சிக்காக, விற்பனை நோக்கமில்லாமல் இப்படிச் செய்வதை வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே ஆட்சேபிப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் அசல் கார்டுதான் வேண்டும். அசல் போலவே அச்சடித்த போலிக் கார்டு என்பது முற்றிலும் வேறு விவகாரம், அதன் பக்கம் போகவே கூடாது.

பண்டமாற்று விஷயத்தில் மூவருக்கும் ஒரு கட்டுப்பாடு போட்டேன்: வெளியாருடன் மாற்றுவதாக இருந்தால் அன்றே முடிவு சொல்லக் கூடாது, மறுநாள் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரிய டிராகனைப் பார்த்தால் மயங்குவார்கள், இரண்டு நிற மானா தரும் ரேர் லேண்டைப் பார்த்தால் வெறும் லேண்ட்தானே என்று கொடுத்துவிடுவார்கள். சந்தையில் மதிப்பு பல நேரம் நேர்தலைகீழ். டிராகனைக் கொடுத்து லேண்டை வாங்கிப் போவதற்கென்றே சிலர் சுற்றுவதுண்டு. ஓர் இரவு இடைவெளி இருந்தால் விலையைப் பார்த்துக்கொள்ளலாம், என்னிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு நிறங்களுக்கான ஏற்பாடு

இப்போது மேஜையில் இருப்பது அடுத்த வேலை. 2020-இல் வந்த ஜம்ப்ஸ்டார்ட் தொகுப்பில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: 20 கார்டு கொண்ட இரண்டு பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கலைத்தால் 40 கார்டுக் கட்டு தயார். அதே வழியில், நிறத்துக்கு இரண்டு வீதம் பத்து அரைக் கட்டுகள் செய்துகொண்டிருக்கிறேன். எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஒரு கட்டு என்றால் 45 விதமான கட்டுகள். ஒவ்வோர் அரையிலும் 8 லேண்ட், அதில் ஒன்று இரண்டு நிறம் தரக்கூடியது.

இங்கே புதிய சிக்கல், ஒரே நிற மானா இரண்டு கேட்கும் கார்டுகள். ஒற்றை நிறக் கட்டில் அவை தொந்தரவே செய்யவில்லை. எட்டுக்கு எட்டு என்று லேண்ட் பிரிந்ததும் கையிலேயே தேங்கி நிற்கின்றன. கவுன்டர்ஸ்பெல்லுக்கு இரண்டு நீல மானா தேவை என்பதால் அது வெளியே போகிறது. கணக்காளருக்கு வருத்தம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நீல மானாவும் வேறு எந்த நிறத்திலாவது ஒன்றும் கேட்கும் தடுப்புக் கார்டு எது கிடைக்கும் என்று பெட்டியில் துழாவிக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் அரைக் கட்டின் டப்பாவிலும் 20 கார்டின் பெயரையும் எழுதிய துண்டுச்சீட்டை வைத்துவருகிறேன். ஆட்டம் முடிந்து பிரிக்கும்போது எந்தக் கரடி எந்தப் பாதிக்குச் சொந்தம் என்ற சண்டை இப்போதே இரண்டு முறை வந்துவிட்டது.